ஆக்சைடு செராமிக்ல கதிர்வீச்சு டேமேஜ்: நம்ம நெல்லைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

ப்ராஜெக்ட் டைம் வந்துட்டா போதும், பாளையங்கோட்டை, பேட்டை, அபிஷேகப்பட்டின்னு எல்லாப் பக்கத்துல இருந்தும் பிள்ளைக கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "அண்ணாச்சி, ஆக்சைடு மேல ரேடியேஷன் போட்டா டிஃபெக்ட் வரும்னு சொல்லுதாங்க, இதை எங்கருந்து படிக்க ஆரம்பிக்க?" ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்லி முடியல, அதான் மொத்தமா எழுதிட்டேன். பிஎஸ்சி பிசிக்ஸ் தெரிஞ்சா போதும். நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன், கடைசி வரைக்கும் இதைச் சுத்தியேதான் வருவேன். எத்தனை அணு இடத்தை விட்டு நகந்துச்சுங்கறது பாதிக் கணக்குதான். நகந்ததுல எத்தனை திரும்பி வரலங்கறதுதான் மிச்சப் பாதி, மெட்டீரியல் தாங்குமா தாங்காதான்னு முடிவு பண்ணுறது அந்த மிச்சப் பாதிதான். இதுக்கு சாட்சி நம்ம கடற்கரையிலேயே கெடக்கு. உவரில இருந்து கன்னியாகுமரி தாண்டி மணவாளக்குறிச்சி வரைக்கும் கார்னெட், இல்மனைட்டோட சிர்கானும் மோனசைட்டும் கலந்து கெடக்குற மணல். மோனசைட்ல தோரியம் ஆக்சைடு மட்டும் சுமாரா 8 முதல் 10 சதவீதம் வரைக்கும் இருக்கும், கோடிக்கணக்கான வருசமா தனக்குள்ளயே ஆல்ஃபா அடி வாங்கிட்டு இருக்கு, ஆனாலும் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்ரே விட்டு அணு அடுக்கைப் பாக்குறது) எடுத்தா அழகா கிறிஸ்டல் பீக் வரும். சிர்கான்ல யுரேனியம் பத்து லட்சத்துல சில நூறு பங்கோ கொஞ்சம் ஆயிரமோதான், ஆனா வயசான சிர்கான் பலது உள்ளுக்குள்ள நொறுங்கி கண்ணாடி மாதிரி ஆயிருது. அடி அதிகமா வாங்குனது முழுசா இருக்கு, கம்மியா வாங்குனது ஒடஞ்சு போகுது. இது ஏன்னு விளங்கிட்டா சப்ஜெக்ட் விளங்கிட்டு.

(மணலை நீங்களா அள்ளிட்டு வந்து ப்ராஜெக்ட் பண்ணலாம்னு நெனைக்காதீங்க. மோனசைட் அணுசக்தித் துறை கட்டுப்பாட்டுல வர்ற பொருள், போதாததுக்கு 2013ல தமிழ்நாட்டுல தனியார் தாதுமணல் அள்ளுறதுக்கு அரசு தடை போட்டுச்சு. சாம்பிள் வேணும்னா கைடு மூலமா முறையா கேட்டு வாங்குங்க.)

படி 1: உங்க ஆக்சைடோட ஸ்ட்ரக்சரை முதல்ல கையில வரைங்க

சாஃப்ட்வேர்ல இல்ல, பேப்பர்ல. மெக்னீசியம் ஆக்சைடு உப்பு ஸ்ட்ரக்சர், அலுமினா கொரண்டம், யுரேனியம் டைஆக்சைடும் தோரியம் டைஆக்சைடும் ஃப்ளோரைட், மெக்னீசியம் அலுமினேட் ஸ்பைனல், கடோலினியம் சிர்கோனேட் பைரோகுளோர். நீங்க வேலை பாக்குறது எதுவோ அதோட யூனிட் செல்லை வரைஞ்சு எந்த இடம் காலியா கெடக்குன்னு பாருங்க. ஃப்ளோரைட்ல செல்லுக்கு நட்டநடுவுல ஒரு பெரிய காலி இடம் இருக்கும், வெளிய தள்ளப்பட்ட ஆக்சிஜன் உக்கார வசதியான இடம் அது. யுரேனியம் டைஆக்சைடோட செல் நீளம் 0.547 நானோமீட்டர், உருகுறது சுமாரா 2850 டிகிரில.

ராதாபுரம் தாலுகா கூடங்குளத்துல ஓடுற ரெண்டு 1000 மெகாவாட் ரியாக்டருக்குள்ளயும் எரிபொருளா இருக்குறது இந்த ஃப்ளோரைட் செராமிக் வில்லைகதான். முதல் யூனிட் 2013 ஜூலைலயும் ரெண்டாவது 2016 ஜூலைலயும் கிரிட்டிக்கல் ஆச்சு (ஃபிஷன் தொடர்வினை தானா ஓட ஆரம்பிச்சுச்சு), ஒவ்வொண்ணுலயும் 163 எரிபொருள் கட்டு. ரியாக்டருக்குள்ள இருக்குற காலத்துல அந்த வில்லையில ஒவ்வொரு அணுவும் ஆயிரம் தடவைக்கு மேல இடத்தை விட்டு தள்ளப்படும். ஆமா, ஒவ்வொரு அணுவும். அப்படியும் அது கிறிஸ்டலாவேதான் இருக்கும், அமார்ஃபஸ் ஆவாது, அதாவது அணு அடுக்கு கலைஞ்சு கண்ணாடி மாதிரி ஆவாது. வில்லையோட ஓரத்துல மட்டும் பத்து மைக்ரான் அளவு கிரெயின் (செராமிக்குக்குள்ள இருக்குற குட்டிக் கிறிஸ்டல்) எல்லாம் ஒடஞ்சு 0.1, 0.3 மைக்ரான் துணுக்கா மாறும், உள்ள ஃபிஷன் கேஸ் குமிழி சேரும், வெப்பக்கடத்தல் கொறையும். இந்தச் செராமிக்கோட திரும்பி வர்ற சக்தி அவ்வளவு பெருசு.

படி 2: ரேடியேஷனுக்கு முன்னாடியே உள்ள இருக்குற டிஃபெக்ட்டைக் கணக்கு எடுங்க

சுத்தமான கிறிஸ்டல்னு ஒண்ணு கெடையாது. அணு ஒண்ணு தன் இடத்தை விட்டு நகந்து பக்கத்துச் சந்துல போயி மாட்டிக்கிட்டா அது ஃப்ரெங்கெல் ஜோடி, 1926ல ஃப்ரெங்கெல் சொன்னது. ஜங்ஷன்ல இருந்து பாபநாசம் போற பஸ்ல சீட்டை விட்டு எந்திரிக்க வச்சு ஒருத்தரை நடுப்பாதையில நிப்பாட்டுன மாதிரி, காலி சீட்டு வேக்கன்சி, நிக்கிற ஆளு இன்டர்ஸ்டிஷியல், பக்கத்துலயே நின்னா டக்குன்னு திரும்ப உக்காந்துருவாரு, கூட்டம் தள்ளித் தள்ளிப் பின்னாடி கொண்டு போயிட்டா கஷ்டம்.

ரெண்டாவது ஷாட்கி டிஃபெக்ட். இதுல அணு கிறிஸ்டலை விட்டே வெளிய, பரப்புக்கோ கிரெயின் எல்லைக்கோ போயிரும். ஆக்சைடுல ஒரு கட்டாயம் உண்டு, சார்ஜ் சமமா இருக்கணும். மெக்னீசியம் ஆக்சைடுல ஒரு மெக்னீசியம் வேக்கன்சிக்கு ஒரு ஆக்சிஜன் வேக்கன்சி. அலுமினாவுல ரெண்டு அலுமினியத்துக்கு மூணு ஆக்சிஜன், அஞ்சும் சேந்துதான் வரணும். மெட்டல் புத்தகத்தைப் படிச்சிட்டு வர்ற பிள்ளைக தடுமாறுற இடம் இதுதான், மெட்டல்ல வேக்கன்சிக்கு சார்ஜ் கெடையாது, இங்க இருக்கு. டிஃபெக்ட்டையும் அதோட சார்ஜையும் சேத்து எழுதுற க்ரோகர்-விங்க் குறியீட்டுல எழுதிப் பழகுங்க, ரெண்டு நாள் எரிச்சலா இருக்கும், அப்புறம் அது இல்லாம யோசிக்கவே வராது.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். 8 மோல் சதவீதம் இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு, ஒரு மூலக்கூறுல ரெண்டு இட்ரியம் மூணு ஆக்சிஜன்) சேத்த சிர்கோனியா (சிர்கோனியம் டைஆக்சைடு). 0.92 சிர்கோனியா, 0.08 இட்ரியா. உலோக அணு மொத்தம் 0.92 கூட்டல் 0.16, அதாவது 1.08. ஃப்ளோரைட்ல ஒரு உலோகத்துக்கு ரெண்டு ஆக்சிஜன் இடம், ஆக 2.16 இடம். இருக்குற ஆக்சிஜன் 1.84 கூட்டல் 0.24, அதாவது 2.08. மீதி 0.08 இடம் காலி, சதவீதமா பாத்தா 3.7. ஒரு அயான் கூட படுறதுக்கு முன்னாடியே நூத்துல நாலு ஆக்சிஜன் இடம் காலி, அது பாட்டுக்கு சமத்தா இருக்கு. டிஃபெக்ட்னாலே கெடுதல்னு நெனைக்கிறவங்க இதை யோசிங்க. கியூபிக் சிர்கோனியா அமார்ஃபஸ் ஆகாம தாங்குறதுல பேர் வாங்குன மெட்டீரியல்.

அப்புறம் கலர் சென்டர். ஆக்சிஜன் போன காலி இடத்துல ஒரு எலக்ட்ரான் மாட்டுனா எஃப் ப்ளஸ், ரெண்டு மாட்டுனா எஃப் சென்டர். அலுமினாவுல எஃப் சென்டர் சுமாரா 205 நானோமீட்டர்ல ஒளியை உறிஞ்சி 420 கிட்ட நீல ஒளி விடும். கார்பன் சேத்த அலுமினாவை டோசிமீட்டரா வச்சு ரேடியேஷன் அளக்குறது இதை நம்பித்தான். நம்ம சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டு செம்மணலோட வயசைக் கணக்கு பாத்ததும் இதே குடும்பத்து வித்தைதான், மணலுக்குள்ள இருக்குற குவார்ட்ஸ்ல டிஃபெக்ட்டுல மாட்டுன எலக்ட்ரானை லேசர், எல்ஈடி ஒளி காட்டி விடுவிச்சு, வர்ற வெளிச்சத்தை அளந்து, கடைசியா வெயில் பட்டு எத்தனை வருசம் ஆச்சுன்னு சொல்லுறது. (தேரி இப்போ தூத்துக்குடி மாவட்டம், 1986 வரைக்கும் நம்ம மாவட்டம்தான்.)

படி 3: எது அடிக்குதுன்னு தெளிவா எழுதுங்க

"ரேடியேஷன்"னு மொட்டையா எழுதாதீங்க. ஆல்ஃபா சிதைவுல 4.5 முதல் 5.5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டோட ஆல்ஃபா பறந்து போகுது, 10, 20 மைக்ரான் தூரம் ஓடி வழியெல்லாம் எலக்ட்ரான்கிட்ட சக்தியை விட்டுட்டு கடைசியில சில நூறு அணுவைத்தான் தள்ளும். ஆனா அதை வெளிய விட்ட அணு பின்னாடி உதைச்சுக்கிட்டு போகும் பாருங்க, அதுக்கு 70 முதல் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான், போறது ஏதோ 20, 30 நானோமீட்டர், அந்தச் சின்ன இடத்துக்குள்ள ஆயிரம் ரெண்டாயிரம் அணுவைக் கலைச்சிரும். சிர்கானை நொறுக்குறது ஆல்ஃபா இல்ல, இந்த உதைதான். ஃபிஷன் துண்டுக்கு 70 முதல் 100 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், அது தனி ரகம்.

நியூட்ரான் நேரா அணுக்கருவுல மோதும். 1 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் ஆக்சிஜனுக்கு அதிகபட்சம் 220 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரைக்கும் குடுக்கும், யுரேனியத்துக்கு 17தான். பிசிக்ஸ் பிள்ளைக இதைச் சொந்தமா போட்டுப் பாருங்க, எலாஸ்டிக் மோதல் ஃபார்முலா ஒண்ணு போதும்.

காமா பத்தி ஒரு வரி. பெரும்பாலான ஆக்சைடுல காமா அணுவைத் தள்ளுறது ரொம்பக் கம்மி, முக்கியமா எலக்ட்ரானை இங்கன இருந்து அங்கன மாத்தி ஏற்கெனவே இருக்குற டிஃபெக்ட்டோட சார்ஜை மாத்தும், கலர் வரும், சூடாக்குனா போயிரும். காமா போட்டுட்டு "புது வேக்கன்சி உருவாச்சு"ன்னு எழுதுற பேப்பரைப் பாத்தா கொஞ்சம் சந்தேகத்தோடயே படிங்க. குவார்ட்ஸும் சிலிகேட்டும் விதிவிலக்கு, அதுல எலக்ட்ரான் வழியாவே பிணைப்பு ஒடையும், டிஇஎம் (எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்) பீம்லயே கண்ணு முன்னாடி அமார்ஃபஸ் ஆவும்.

படி 4: டிபிஏ கணக்கு

ஒவ்வொரு அணுவும் சராசரியா எத்தனை தடவை தள்ளப்பட்டுச்சுங்கறதுதான் டிபிஏ. இதுக்கு முதல்ல தள்ளுறதுக்கான குறைஞ்சபட்ச சக்தி தெரியணும். யுரேனியம் டைஆக்சைடுல யுரேனியத்துக்கு 40, ஆக்சிஜனுக்கு 20 எலக்ட்ரான் வோல்ட்னு வழக்கமா எடுப்பாங்க. மெக்னீசியம் ஆக்சைடுல ரெண்டுக்கும் 55 பக்கம். அலுமினாவுல அலுமினியம் 20 பக்கம், ஆக்சிஜன் 50 பக்கம். இந்த நம்பரை எங்கருந்து எடுத்தீங்கன்னு கட்டாயம் எழுதணும், ஏன்னா இதை மாத்துனா முடிவு அப்படியே மாறும்.

1955ல கின்சின், பீஸ் ரெண்டு பேரும் ஒரு எளிய மாடல் குடுத்தாங்க, 1975ல நார்கெட், ராபின்சன், டொரன்ஸ் அதைச் சீர்படுத்துனாங்க. டேமேஜ் சக்தியை (மொத்த சக்தியில அணுவைத் தள்ளுறதுக்குப் போன பங்கு) 0.8ஆல பெருக்கி, தள்ளுற சக்தியோட ரெண்டு மடங்கால வகுத்தா ஜோடி எண்ணிக்கை. டேமேஜ் சக்தி 50 கிலோ எலக்ட்ரான் வோல்ட், தள்ளுற சக்தி 40ன்னா 500 ஜோடி. ஆனா மோதல் முடிஞ்ச சில பிகோ செகண்டுக்குள்ள, அந்த இடம் உருகுன மாதிரி சூடா இருக்கும்போதே, அதுல பெரும்பங்கு தானா சேந்து மறைஞ்சிரும். அதனால டிபிஏங்கறது வாங்குன அடியோட அளவு, மிச்சம் இருக்குற காயத்தோட அளவு இல்ல. வைவால இதைச் சொன்னா எக்ஸ்டெர்னல் சிரிச்ச முகமா ஆயிருவாரு.

அயான் போடுறவங்க ஸ்ரிம்ல (அயான் எவ்வளவு ஆழம் போகும், எத்தனை அணுவைத் தள்ளும்னு கணக்கு போடுற சாஃப்ட்வேர்) ஓட்டுங்க, இலவசமா கிடைக்கு. அதுல அடர்த்தியை அது தானா போடுறதை நம்பாம நீங்களே போடுங்க. வர்ற கிராஃப்ல ஒரு அயானுக்கு ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கு எத்தனை வேக்கன்சின்னு இருக்கும். அதை 10⁸ஆல பெருக்கி, ஃப்ளூயன்ஸால (ஒரு சதுர சென்டிமீட்டர்ல மொத்தம் விழுந்த அயான் எண்ணிக்கை) பெருக்கி, ஒரு கன சென்டிமீட்டர்ல இருக்குற அணு எண்ணிக்கையால வகுக்கணும். அலுமினாவுக்கு அடர்த்தி 3.98, மூலக்கூறு எடை 101.96, ஒரு மூலக்கூறுல அஞ்சு அணு, ஆக 1.175 × 10²³. உதாரணத்துக்கு வேக்கன்சி 2ன்னும் ஃப்ளூயன்ஸ் 10¹⁵ன்னும் வச்சா 1.7 டிபிஏ.

படி 5: சாம்பிள்

இதுல அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல. பவுடர் அரைச்சு, கால்சைன் பண்ணி (பவுடரைச் சுட்டு), பெல்லட் அழுத்தி, 1400 முதல் 1600 டிகிரில சின்டர் பண்ணி (உருக்காம சுட்டு இறுக்கி), ஆர்க்கிமிடீஸ் முறையில அடர்த்தி பாருங்க, 95 சதவீதத்துக்குக் கீழ இருந்தா திரும்பப் பண்ணுங்க. பாலிஷ் பண்ணுறதே மேல்பரப்புல ஸ்ட்ரெய்னும் டிஸ்லொகேஷனும் (அணு வரிசை பிசகுன கோடு) உண்டாக்கும், அதனால பாலிஷுக்கு அப்புறம் ஒரு தடவை அனீல் பண்ணணும் (சூடாக்கி மெதுவா ஆற விடணும்), இல்லன்னா எமரி சீட்டு பண்ணுன டேமேஜை அயான் பண்ணுன டேமேஜ்னு எழுதிருவீங்க. அடிபடாத சாம்பிள் ஒண்ணை அதே பேட்ச்ல இருந்து எடுத்து பத்திரமா வைங்க.

படி 6: பீம் டைம்

நம்ம பக்கத்துப் பிள்ளைக பெரும்பாலும் போறது டெல்லி இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டருக்கு, அங்க அயானை வேகப்படுத்துற பெல்லட்ரான் மெஷின் இருக்கு, ப்ரொபோசல் எழுதிப் போட்டு கமிட்டி ஓகே பண்ணணும். கம்மி சக்தி அயான்னா கல்பாக்கம் ஐஜிகார்ல (இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம்) 1.7 மில்லியன் வோல்ட் டேன்டம் ஆக்சிலரேட்டர் இருக்கு. திருக்குறள் எக்ஸ்பிரஸ்ல ஏறி நிஜாமுதீன் போற பிள்ளைக சாம்பிளை சூட்கேஸ்ல போடாம கைப்பையில வச்சுக்கோங்க, முன்னாடி பின்னாடி தெரியுற மாதிரி மார்க் பண்ணுங்க.

100 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் சில்வர் மாதிரி வேக அயான் வேற, சில நூறு கிலோ எலக்ட்ரான் வோல்ட் அயான் வேற. முதல்ல சொன்னது தன் சக்தியில பெரும்பங்கை எலக்ட்ரானுக்குக் குடுக்கும், நேர் மோதல்ல போறது அதுல நூத்துல ஒரு பங்கு அளவுதான், அதனால வழி நெடுக சில நானோமீட்டர் அகலத்துக்கு ட்ராக் விழும். ரெண்டாவது, கனமான அயானா இருந்தா, பெரும்பாலும் நேர் மோதல். ரியாக்டர் வில்லைக்குள்ள நடக்குற ஃபிஷன் துண்டு டேமேஜைப் பாக்கணும்னா முதல் ரகம், அணுக்கழிவுல நடக்குற ஆல்ஃபா உதையைப் பாக்கணும்னா ரெண்டாவது. ரெண்டையும் ஒரே டிபிஏ அச்சுல போட்டு ஒப்பிட்டா அர்த்தம் இல்லாமப் போகும்.

ஃப்ளூயன்ஸ் கணக்குல சார்ஜ் ஸ்டேட்டை (அயான் மேல எத்தனை ப்ளஸ் சார்ஜ்ங்கறது) மறக்காதீங்க. 1 பார்ட்டிகிள் நானோ ஆம்பியர்னா ஒரு செகண்டுக்கு 6.25 × 10⁹ அயான். 8 ப்ளஸ் அயானுக்கு மீட்டர்ல அது 8 நானோ ஆம்பியரா காட்டும். ஒரு சதுர சென்டிமீட்டர்ல 10¹³ வேணும்னா 1600 செகண்ட், கிட்டத்தட்ட 27 நிமிசம். மீட்டர்ல 1 நானோ ஆம்பியர்னு பாத்துட்டு அதையே பார்ட்டிகிள் கரண்ட்னு எடுத்தா எட்டுல ஒரு பங்குதான் போட்டிருப்பீங்க. கரண்டை ரொம்ப ஏத்தாதீங்க, செராமிக் சூடாவும், சூடானா அடிபடும்போதே டிஃபெக்ட் தானா சரியாயிரும்.

படி 7: அளக்குறது

எக்ஸ்ஆர்டிதான் எல்லாரும் முதல்ல ஓடுறது, அங்கதான் அதிகமா சறுக்குறதும். கம்மி சக்தி அயான் 100 நானோமீட்டர் ஆழம்தான் போயிருக்கும், சாதா எக்ஸ்ஆர்டி பல மைக்ரான் உள்ள பாக்கும். கீழ அடிபடாத பகுதிதான் பீக் குடுக்கும், நீங்க "மெட்டீரியல் ஒண்ணும் ஆகல"ன்னு சந்தோசமா எழுதுவீங்க. அரை டிகிரி, ஒரு டிகிரில கிரேஸிங் எடுங்க, அதாவது எக்ஸ்ரே மேல்பரப்பை உரசிட்டுப் போற மாதிரி. வேக அயான்னா எட்டு பத்து மைக்ரான் போகும், அப்போ சாதா எக்ஸ்ஆர்டி ஓரளவு பரவால்ல.

பீக்ல மூணைத் தனித்தனியா பாருங்க. இடம் நகந்துச்சுன்னா செல் வீங்கிருக்கு. அகலமாச்சுன்னா ஸ்ட்ரெய்ன் இல்ல கிரெயின் சின்னதாச்சு, வில்லியம்சன்-ஹால் கிராஃப் போட்டு ரெண்டையும் பிரிக்கணும். உயரம் கொறைஞ்சு கீழ ஒரு அகலமான மேடு வந்துச்சுன்னா அதுதான் அமார்ஃபஸ். பைரோகுளோர்ல இன்னொரு சூட்சுமம்: மெயின் பீக் எல்லாம் அப்படியே இருந்து சூப்பர்லாட்டிஸ் பீக் (ரெண்டு உலோகமும் ஒழுங்கா அடுக்கி இருந்தா மட்டும் வர்ற சின்ன பீக்) மட்டும் மறைஞ்சா அது அமார்ஃபஸ் இல்ல, உலோக அணுக ஒண்ணோட ஒண்ணு இடம் மாறி ஃப்ளோரைட்டா போயிருக்கு. ராமன் (லேசர் ஒளி சிதறுறதை வச்சு அணுப் பிணைப்பைப் பாக்குறது) எடுத்தா இது பளிச்சுன்னு தெரியும்.

வேக்கன்சியைக் கண்டுபிடிக்க பாசிட்ரான் எடுக்கணும்னு ஆசைப்படுற பிள்ளைக ஒண்ணு கவனிங்க, சோடியம் 22 மூலத்துல இருந்து வர்ற பாசிட்ரான் அயான் அடுக்கைத் தாண்டி ரொம்ப உள்ள போயிரும், மெல்லிய அடுக்குக்கு ஸ்லோ பீம் (வேகம் கொறைச்ச பாசிட்ரான்) வேணும். டிஇஎம்ல 300 கிலோவோல்ட்ல ஆக்சிஜனை அந்த எலக்ட்ரான் பீமே தள்ளும், படம் எடுத்து முடிக்குறதுக்குள்ள நீங்களே டேமேஜ் பண்ணியிருப்பீங்க, சீக்கிரமா எடுத்துட்டு நகந்துருங்க.

படி 8: ஆற வச்சுப் பாருங்க

பாதிப் பிள்ளைக இந்தப் படியை விட்டுருதாங்க, எனக்கு இதுதான் உயிர். அடிச்ச சாம்பிளை 100 டிகிரி படியா ஏத்தி, ஒவ்வொரு படிலயும் அரை மணி நேரம் வச்சு, ஆற வச்சு, அதே அளவீட்டைத் திரும்ப எடுங்க. எந்தச் சூட்டுல எது மறையுதுன்னு வர்ற கிராஃப்ல இருந்துதான் எந்த அணு எப்போ நகர ஆரம்பிக்குன்னு தெரியும். யுரேனியம் டைஆக்சைடுல ஆக்சிஜன் பக்கம் முதல்ல சரியாவும், யுரேனியம் வேக்கன்சி நகர நல்ல சூடு வேணும்.

மணலுக்கு வருவோம். சிர்கானோட டேமேஜை முறையா அளந்தது 1955ல ஹாலண்டும் காட்ஃபிரிடும், அவங்க எடுத்தது நமக்கு எதிர்க்கரை இலங்கைச் சிர்கான். அடர்த்தி 4.7ல இருந்து 4 பக்கம் எறங்கிருது, கிட்டத்தட்ட 18 சதவீதம் வீக்கம், ஒரு கிராமுக்கு 10¹⁹ சிதைவு அளவுக்கு வந்தா கிட்டத்தட்ட முழுசா அமார்ஃபஸ். சிர்கான்ல கலைஞ்ச சிலிக்கேட் கண்ணாடி மாதிரி கோத்துக்கிரும், திரும்ப அடுக்க ஆயிரம் டிகிரி பக்கம் சூடு வேணும், அப்பவும் சிலசமயம் சிர்கோனியா தனி சிலிக்கா தனின்னு பிரிஞ்சுதான் நிக்கும். மோனசைட்ல பாஸ்பேட் அப்படிக் கோத்துக்காது, கம்மி சூட்டுலயே கலைஞ்சது திரும்ப அடுக்கிக்கிரும், பூமிக்குள்ள இருக்குற சாதாரண வெப்பமே அதுக்குப் போதும்.

ஆக்சைடுக்குள்ளயே இதே கதை கடோலினியம் டைட்டனேட்டும் கடோலினியம் சிர்கோனேட்டும். ரெண்டும் பைரோகுளோர், ஒரு அணுதான் வித்தியாசம். டைட்டனேட் அறை வெப்பத்துல 0.2 டிபிஏ பக்கத்துலயே அமார்ஃபஸ், சிர்கோனேட் ஃப்ளோரைட்டா மாறிட்டு கிறிஸ்டலாவே நிக்கும். கடோலினியத்தோட ஆரம் 1.053 ஆங்ஸ்ட்ராம், சிர்கோனியம் 0.72, டைட்டானியம் 0.605. விகிதம் பாத்தா சிர்கோனேட்டுக்கு 1.46, டைட்டனேட்டுக்கு 1.74. ஆரம் நெருங்கி இருந்தா ஒண்ணு இடத்துல ஒண்ணு உக்காந்தாலும் அதிகச் செலவு இல்ல, கலைஞ்சதும் ஏதோ ஒரு இடத்துல உக்காந்துக்கிரும். சிக்கஃபஸ் குழு 2000ல இந்த வழிலதான் கதிர்வீச்சு தாங்குற ஆக்சைடைத் தேடலாம்னு காட்டுனாங்க. ஸ்பைனல் தாங்குறதுக்கும் காரணம் கிட்டத்தட்ட இதான், மெக்னீசியமும் அலுமினியமும் இடம் மாத்திக்கிட்டா பெருசா கண்டுக்காது.

தீசிஸ்ல எழுதும்போது அயான், சக்தி, சார்ஜ் ஸ்டேட், ஃப்ளூயன்ஸ், ஃப்ளக்ஸ், சாம்பிள் வெப்பம், தள்ளுற சக்தி, எடுத்துக்கிட்ட அடர்த்தி, எக்ஸ்ஆர்டி கோணம் எல்லாத்தையும் ஒரே டேபிள்ல போடுங்க. வெப்பம் அளக்கலன்னா அளக்கலன்னே எழுதுங்க, "அறை வெப்பம்"னு சும்மா போடாதீங்க. அனீலிங் ஃபர்னஸுக்கு யூபிஎஸ் இருக்கான்னு முதல்லயே கேட்டுக்கோங்க, ஆயிரம் டிகிரில இருக்கும்போது கரண்ட் போனா அந்தப் பாயிண்டைத் திரும்பத்தான் எடுக்கணும்.